சூரியன் இல்லாத கோடை: ஜப்பானிய ஓவியத்தில் வெயில்கால நிறங்களும் அடையாளங்களும்

சுரைக்கொடி படர்ந்த ஒரு பந்தல். அதன் கீழே பாய் விரித்து மூன்று பேர். கணவன் குப்புறப் படுத்துக் கன்னத்தில் கை ஊன்றியிருக்கிறான். மனைவி புழுக்கம் தாளாமல் மேலாடையை இடுப்புக்கு இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். கூடவே ஒரு பிள்ளை. மூவரும் பேசிக்கொள்வதாகத் தெரியவில்லை, சும்மா ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பந்தலுக்கு அப்பால் மங்கலாக ஒரு நிலா.

17ஆம் நூற்றாண்டில் குசுமி மோரிகாகே என்பவர் வரைந்த இரட்டை மடிப்புத் திரை ஓவியம் இது. டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜப்பான் அரசு இதைத் தேசியப் பொக்கிஷம் என்று அறிவித்திருக்கிறது. பெரும்பாலும் கறுப்பு மைதான், ஆங்காங்கே கொஞ்சம் வெளிர் வண்ணம். ஜப்பானியக் கலையில் கோடையைப் பற்றிப் பேசும்போது தவறாமல் காட்டப்படும் படம் இது. சரி, இதில் வெயில் எங்கே? சூரியன் எங்கே? வியர்வைகூட இல்லையே!

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் ஜப்பானியக் கோடை ஓவியங்களில் பாதி புரிந்துவிடும். அந்த ஓவியர்கள் வெப்பத்தை வரைவது அபூர்வம். வெப்பத்தில் வெந்து கிடக்கும் மனிதன் எதற்காக ஏங்குவானோ அதைத்தான் வரைந்தார்கள்: தண்ணீர், நிழல், காற்று, இரவு, மழை. ஹைக்கூ எழுதுகிறவர்களிடம் ஒவ்வொரு பருவத்துக்கும் உரிய சொற்களின் பட்டியல் உண்டு. அதைத் தொகுத்த அகராதிகளும் உண்டு. அந்தப் பருவச் சொல்லுக்கு 'கிகோ' என்று பெயர். அதில் 'சுசுஷி', அதாவது 'குளுகுளுவென்று இருக்கிறது' என்ற சொல் எந்தப் பருவத்தைச் சேர்ந்தது தெரியுமா? கோடையை! குளிர்ச்சியின் அருமை கோடையில்தானே தெரியும்.

கோடை எப்போது தொடங்குகிறது?

இங்கேதான் புதிதாகப் பார்க்கிறவர்கள் முதலில் சறுக்குவார்கள். ஜப்பானின் பழைய நாட்காட்டியில் நான்காம், ஐந்தாம், ஆறாம் மாதங்கள் கோடை. இன்றைய கணக்கில் ஏறக்குறைய மே முதல் வாரத்திலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரை. 1873 ஜனவரி 1 அன்று ஜப்பான் மேற்கத்திய நாட்காட்டிக்கு மாறியது. ஆனால் கவிதையும் ஓவியமும் உடையும் பழைய கணக்கை முழுதாக விட்டுவிடவில்லை.

இதனால் ஒரு வேடிக்கை. ஆகஸ்ட் 7 அல்லது 8ஆம் தேதியோடு ஏட்டளவில் இலையுதிர்காலம் வந்துவிடுகிறது. ஆனால் உண்மையான கொடும் வெயில் அப்போதுதான் மண்டையைப் பிளக்கும். அந்தத் தேதிக்கு முன்னால் நலம் விசாரித்து எழுதும் கடிதத்துக்கு 'வெயில்கால விசாரிப்பு' என்று பெயர். ஒரு நாள் தாண்டிவிட்டாலும் அது 'எஞ்சிய வெயில் விசாரிப்பு' ஆகிவிடும்.

இன்னொன்று, அந்தக் கோடையின் நடுவே ஒரு மழைக்காலமும் வருகிறது. டோக்கியோ, கியோட்டோ பக்கம் ஜூன் மாதத்தில் தொடங்கி ஜூலை நடுப்பகுதி வரை நசநசவென்று பெய்யும் இந்த மழையை 'பிளம் மழை' என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதுகிறார்கள். பிளம் காய்கள் பழுக்கும் சமயம் அது. ஆக, ஜப்பானிய ஓவியரின் கோடை ஈரமானது. நம் மனத்தில் கோடை என்றதும் வரும் வெடித்த நிலமும் காய்ந்த புல்லும் அங்கே கிடையாது. இதை மறந்துவிட்டுப் பார்த்தால் அந்த ஓவியங்கள் எல்லாம் ஏதோ மழைக்காலப் படங்களாகவே தெரியும்.

கோடைக்கு உரியவை என்று வழிவழியாக வரும் அடையாளங்கள் நிறைய. ஐரிஸ், பியோனி, தாமரை, 'உனோஹானா' என்ற வெள்ளைப் புதர்ப்பூ, மின்மினி, மே 5 அன்று ஆண் பிள்ளைகளுக்காகப் பறக்கவிடும் கெண்டைமீன் துணிக்கொடிகள், அப்புறம் குயில் இனத்தைச் சேர்ந்த 'ஹொட்டொட்டொகிசு' பறவை. இந்தப் பறவையைப் பெரும்பாலும் நிலாவையோ மழையையோ கடந்து பறப்பதாகத்தான் வரைவார்கள். இரவில் இதன் குரலை முதலில் கேட்பதற்காகத் தூங்காமல் காத்திருப்பது பழைய அரசவைக் கவிதையில் திரும்பத் திரும்ப வரும் விஷயம்.

பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. செய்தாலும் ஏமாற்றும். 'அசகாவோ' என்ற மார்னிங் குளோரிப் பூவை எடுத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவின் இரியா பகுதியில் ஜூலை 6 முதல் 8 வரை இதற்கென்றே சந்தை கூடும். இன்றைய ஜப்பானியர்களுக்கு இது அப்பட்டமான கோடைப் பூ. ஆனால் பருவச்சொல் அகராதியில் இது இலையுதிர்காலத்தில் இருக்கிறது! 19ஆம் நூற்றாண்டில் சுசுகி கிட்சு என்ற ஓவியர் ஆறு மடிப்புத் திரைகள் இரண்டில் தங்கத்தகட்டின் மேல் இந்தக் கொடியை அடர்நீலப் பூக்களோடு அலை அலையாகப் படரவிட்டிருக்கிறார். இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தத் திரை கோடையா, இலையுதிர்காலமா? விடிகாலை என்று சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்வேன்.

ஏட்டில் சிவப்பு, கையில் நீலம்

சீனாவிலிருந்து வந்த ஐம்பூதக் கோட்பாட்டின்படி ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு நிறம் உண்டு. வசந்தம் நீலப்பச்சை, இலையுதிர்காலம் வெள்ளை, குளிர்காலம் கறுப்பு. கோடைக்குச் சிவப்பு, திசை தெற்கு. 'ஷுக்கா', அதாவது 'செங்கோடை' என்ற சொல் இன்றும் ஜப்பானிய மொழியில் இருக்கிறது. நியாயப்படி கோடை ஓவியங்கள் எல்லாம் செக்கச்செவேலென்று இருக்க வேண்டும். நடைமுறையில் கைகள் போனது நீலத்துக்கும் பச்சைக்கும்.

ஜப்பானிய மொழியில் 'ஆவோ' என்ற சொல் நீலத்தையும் குறிக்கும், பல இடங்களில் பச்சையையும் குறிக்கும். போக்குவரத்து சிக்னலின் பச்சை விளக்கை அவர்கள் இன்றும் 'ஆவோ' என்றுதான் சொல்வார்கள். மரத்தின் இளந்தழையும் ஆவோ, ஆழ்ந்த தண்ணீரும் ஆவோ. கோடை முழுவதையும் இந்த ஒரு சொல்லுக்குள் வைத்துவிடலாம் போலிருக்கிறது.

இந்த ரசனை ஓவியத்துக்கு முன்னால் துணியில் தொடங்கியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கியோட்டோ அரசவைப் பெண்கள் பல அடுக்குகளாக உடை உடுத்துவார்கள். மேல் துணிக்கு ஒரு நிறம், உள் துணிக்கு வேறொரு நிறம். கழுத்திலும் கையோரத்திலும் இரண்டும் சேர்ந்து தெரியும். அந்தச் சேர்க்கைகளுக்குப் பூக்களின் பெயர் வைத்தார்கள். மேலே வெள்ளை, உள்ளே பச்சை என்றால் 'உனோஹானா'. மேலே வெளிர் ஊதா, உள்ளே பச்சை என்றால் 'ஃபுஜி', அதாவது விஸ்டேரியா. துணியில் ஒரு பூகூட வரைந்திருக்க வேண்டாம், இரண்டு நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலே பருவம் தெரிந்துவிடும்.

இதே சூத்திரத்தைப் பெரிய அளவில் செய்துகாட்டியவர் ஒகாட்டா கோரின். 1658இல் கியோட்டோவில் பணக்காரக் கிமோனோ வணிகர் வீட்டில் பிறந்தவர். அவருடைய ஐரிஸ் திரைகள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரையப்பட்டவை. ஆறு மடிப்புத் திரைகள் இரண்டு. பின்னணி முழுக்கத் தங்கத்தகடு. அதன் மேல் கொத்துக் கொத்தாக நீல ஐரிஸ் பூக்கள், நேராக நீட்டி நிற்கும் பச்சை இலைகள். வேறு ஒன்றுமே இல்லை. தண்ணீர் இல்லை, கரை இல்லை, ஆள் இல்லை. இருந்தும் பார்க்கிற யாரும் அந்தப் பூக்கள் தண்ணீரில் நிற்கின்றன என்றுதான் நினைப்பார்கள். கொத்துகளை ஏறி இறங்கும் தாளத்தில் அடுக்கியிருக்கும் விதம் அப்படி. சில கொத்துகள் அச்சுப் பிசகாமல் திரும்ப வருகின்றன. அவற்றுக்குத் துணியில் சித்திர வேலை செய்வதுபோல வெட்டுத்தாள் பயன்படுத்தியிருக்கிறார். துணிக்கடைக்காரர் மகன் அல்லவா.

அந்த நீலமும் பச்சையும் பொடித்த கற்கள். நீலம் அசுரைட், பச்சை மலகைட், இரண்டுமே தாமிரக் கனிமங்கள். அரைத்து, விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் வஜ்ரப் பசையில் குழைத்துப் பூசுவார்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கொரகொரப்பாக அரைத்தால் நிறம் அடர்த்தியாக இருக்கும், நைஸாக அரைக்க அரைக்க வெளுத்துக்கொண்டே போகும். ஒரே கல்லிலிருந்து இரவு வானமும் கிடைக்கும், காலை வானமும் கிடைக்கும்.

இந்தப் பூக்களுக்குப் பின்னால் ஒரு கதையும் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த 'இசே கதைகள்' என்ற நூலில், தலைநகரத்தில் இருக்கப் பிடிக்காமல் கிழக்கே கிளம்பிய ஒருவன் 'யாட்சுஹாஷி' என்ற இடத்துக்கு வருகிறான். எட்டுப் பாலம் என்று அர்த்தம். இன்றைய ஐச்சி மாகாணத்தில் இருக்கிறது. சதுப்பு நிலம், சிலந்திக்கால்போலப் பிரிந்து ஓடும் தண்ணீர், அதில் ஐரிஸ் பூக்கள். நண்பர்களோடு உட்கார்ந்து சாப்பிடும்போது ஒருவர், பூவின் பெயரான 'காகித்சுபாதா'வின் ஐந்து எழுத்துகளை ஐந்து அடிகளுக்கும் முதலெழுத்தாக வைத்துப் பாட்டுக் கட்டு என்கிறார். அவன் ஊரில் விட்டுவந்த மனைவியை நினைத்துப் பாடுகிறான். எல்லோரும் அழுத கண்ணீர் விழுந்து, கையில் இருந்த உலர்ந்த சோறு ஊறி உப்பிவிட்டதாம்! சோகத்தின் நடுவே இப்படி ஒரு குறும்பு வைத்த ஆசிரியர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

அக்காலத்தில் படித்தவர்கள் கோரினின் பூக்களைப் பார்த்ததும் பாலம், பயணி, பிரிவு, அந்தச் சோறு எல்லாம் தானாக நினைவுக்கு வந்திருக்கும். அதனால்தான் அவர் எதையும் வரையாமல் விட முடிந்தது. திரைகள் இப்போது டோக்கியோ நெசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வருடத்துக்கு ஒருமுறை, ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரை, தோட்டத்தில் நிஜ ஐரிஸ் பூக்கும் சமயத்தில்தான் வெளியே வைப்பார்கள். போக முடியாதவர்கள் 2004இல் வெளிவந்த 5000 யென் நோட்டின் பின்பக்கத்தைப் பார்க்கலாம், அதில் இருப்பது இந்தப் பூக்கள்தான். 2024இல் வந்த புது நோட்டில் விஸ்டேரியா வந்துவிட்டது. பூ மாறியது, பருவம் அதிகம் நகரவில்லை.

மழையை வரைவது எப்படி

கோரினை நேரில் பார்க்காமலே குருவாக வரித்துக்கொண்டவர் சகாய் ஹோயிட்சு. கோரின் ஒரு திரையில் காற்றுக் கடவுளையும் இடிக் கடவுளையும் தங்கத்தின் மேல் வரைந்திருந்தார். 1821ஐ ஒட்டி அந்தத் திரையின் முதுகுப் பக்கத்தில் ஹோயிட்சு வரைந்தது 'கோடை, இலையுதிர்காலப் புற்கள்'. தங்கத்துக்கு மறுபக்கம் வெள்ளித்தகடு. காற்றுக் கடவுளுக்குப் பின்னால் காற்றில் அலைக்கழியும் இலையுதிர்காலச் செடிகள். இடிக் கடவுளுக்குப் பின்னால் இப்போதுதான் திடீர் மழையில் அடி வாங்கித் தலை கவிழ்ந்து நிற்கும் கோடைப் புல்லும் வெள்ளை லில்லியும். மேலே ஓரத்தில் நீலமாகத் தேங்கி ஓடும் மழைத்தண்ணீர்.

மழைக்கோடு ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். மழை பெய்துவிட்டது என்பதைப் புல்லின் முதுகு வளைவே சொல்லிவிடுகிறது. முன்பக்கம் வானம், பின்பக்கம் பூமி. முன்பக்கம் காரணம், பின்பக்கம் அதன் விளைவு. என்னைக் கேட்டால் கோடையைப் பற்றி இதைவிடப் புத்திசாலித்தனமான ஓவியம் ஜப்பானில் இல்லை. பாதுகாப்புக்காக இப்போது இரண்டு பக்கங்களையும் பிரித்துத் தனித்தனித் திரைகளாக வைத்திருக்கிறார்கள். வேறு வழி இல்லைதான், ஆனாலும் அந்த முதுகுப்பக்க ரகசியம் போய்விட்டதே என்று கொஞ்சம் வருத்தம்.

மழைக்கோட்டை வரைந்தே தீருவேன் என்றவர் ஹிரோஷிகே. 1857இல் அச்சான அவருடைய 'ஷின் ஓஹாஷி பாலத்தில் திடீர் மழை' மர அச்சு ஓவியத்தை வின்சென்ட் வான்கோ 1887இல் எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்தார். இழை இழையாக மழைக்கோடுகள், சற்றே வேறுபடும் இரண்டு கோணங்களில். அவை மெல்லிய கோடுகளாக நிற்கும்படி மரப்பலகையைச் செதுக்கியவரின் கை நடுங்கியிருந்தால் படம் அவ்வளவுதான். பாலத்தில் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு ஓடுகிறார்கள். மேலே கருமேகம், கீழே ஆற்றின் நீலம்.

அந்த நீலம் பெர்லினிலிருந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட செயற்கை நிறமி. ஜப்பானியர்கள் ஊர்ப் பெயரைத் தங்கள் நாக்குக்கு ஏற்பச் சுருக்கி 'பெரோ நீலம்' என்றார்கள். அதுவரை மர அச்சுக்காரர்களிடம் இருந்தது அவுரி நீலமும், நம் கானாவாழையின் உறவுச் செடியான 'ட்சுயுகுசா' பூவிலிருந்து எடுத்த நீலமும். பூச்சாறு நீலம் பார்க்க அழகு, ஆனால் ஈரமும் வெளிச்சமும் பட்டால் வெளுத்துவிடும். பெரோ நீலம் அப்படி ஓடிப்போகாது. இருட்டிலிருந்து வெளிச்சம்வரை படிப்படியாக இறக்கி அச்சிடவும் வசதி. 1820களின் கடைசியில் விலை இறங்கியதும் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், முழுக்க நீலத்திலேயே அச்சிடும் மோகம் கிளம்பியது. மர அச்சு ஓவியர் ஹொக்குசாயின் ஃபுஜி மலை வரிசையின் சில படங்கள் அப்படித்தான் முதலில் அச்சாயின. அதற்காக நீலம் என்றாலே கோடை என்று முடிவுகட்ட வேண்டாம். அதே வரிசையின் புகழ்பெற்ற பேரலைப் படத்தில் பருவத்தைச் சொல்லும் பூவோ பறவையோ எதுவும் இல்லை.

நீல அச்சு எங்கே கச்சிதமாகப் பொருந்தியது என்றால், விசிறியில். மர அச்சு ஓவியர்கள் வட்ட விசிறியின் வடிவத்துக்கே படம் வரைந்து கொடுப்பார்கள். வாங்குகிறவர் வெட்டி மூங்கில் சட்டத்தில் ஒட்டிக்கொள்ளலாம். ஹிரோஷிகே மட்டும் நூற்றுக்கணக்கில் வரைந்திருக்கிறார். ஒரு கோடை முழுக்க வீசி, கிழிந்ததும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதனால் மிஞ்சியவை குறைவு. ஆற்றையும் அருவியையும் வரைந்த காகிதத்தால் விசிறிக்கொள்வது எவ்வளவு நல்ல யோசனை! காற்றோடு தண்ணீரும் சேர்ந்து வருகிறது.

எடோ மக்களின் கோடை சுமிடா ஆற்றங்கரையில் நடந்தது. பழைய நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் 28ஆம் தேதி முதல் எட்டாம் மாதம் 28ஆம் தேதி வரை ரியோகோகு பாலத்தருகே படகில் போய்க் காற்று வாங்க அனுமதி. தொடக்க நாளில் வாணவேடிக்கை. அந்தக் காலப் படங்களில் வாணங்கள் ஆரஞ்சு நிறத்தில் மட்டுமே இருப்பதைப் பார்த்து ஓவியரிடம் வண்ணம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. கரியும் கந்தகமும் வெடியுப்பும் எரிந்தால் வரும் நிறம் அதுதான். பச்சை, ஊதாவெல்லாம் 1868இல் தொடங்கிய மெய்ஜி காலத்தில் வெளிநாட்டு ரசாயனங்கள் வந்த பிறகு. ஹிரோஷிகேயின் 'நூறு எடோ காட்சிகள்' தொகுப்பைப் பருவவாரியாக அடுக்கியபோது இந்த வாணவேடிக்கைப் படத்தை இலையுதிர்காலப் பகுதியில் சேர்த்துவிட்டார்கள். மறுபடியும் அதே நாட்காட்டிக் குழப்பம்!

ஜூலையில் பனி

உடைக்கு வருவோம். கிமோனோவில் பருவம் பார்ப்பது ஒரு தனி வித்தை. ஜூன் 1 அன்று உள்துணி வைத்துத் தைத்த உடையிலிருந்து ஒற்றைத் துணி உடைக்கு மாறுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் 'ரோ', 'ஷா' என்ற சல்லாத் துணிகள், வலைபோலக் காற்றோட்டமானவை. துணியில் இருக்கும் பூ நிஜப் பூவுக்குக் கொஞ்சம் முந்திக்கொள்ள வேண்டும் என்பது பொதுவான ரசனை. பூ பூத்துக் குலுங்கும்போது அதையே உடுத்தினால் அதனோடு போட்டி போடுவதுபோல ஆகிவிடுமாம். அதனால் நடுக்கோடையில் இலையுதிர்காலப் புற்களை உடுத்துவார்கள். 'சீக்கிரம் வந்துவிடும், பொறுத்துக்கொள்' என்று உடம்புக்கு ஆறுதல் சொல்வதுபோல.

அதைவிட ஒரு படி மேலே போய்க் கோடை உடையில் பனியையே போட்டார்கள். பனித்திவலை வட்டங்கள், குளிர்காலத்துக்கு உரிய 'சிடோரி' என்ற சின்னக் கடலோரப் பறவை, அது அலையின் மேல் பறக்கும் காட்சி எல்லாம் கோடைத் துணியில் சர்வசாதாரணம். கோகா என்ற சிற்றரசின் தலைவர் தோய் தோஷிட்சுரா பனித்துகள்களை நுண்ணோக்கியில் பார்த்து வரைந்து 1832இல் புத்தகமாக வெளியிட்டார். அறிவியல் நூல்தான், ஆனால் அதன் அறுகோணப் படங்கள் எடோ பெண்களின் உடையில் நாகரிகமாகப் பரவிவிட்டன. கியோட்டோவில் ஜூன் 30 அன்று சாப்பிடும் 'மினாசுகி' இனிப்பும் இதே தந்திரம்தான். ஐஸ்கட்டியை நினைவூட்டும் வெள்ளை முக்கோணம், மேலே சிவப்புப் பயறு. ஐஸ் மன்னர் வீட்டுப் பொருளாக இருந்த காலத்தில், மற்றவர்களுக்கு அதன் வடிவமாவது கிடைத்தது.

சாதாரண மக்களின் கோடை உடையான 'யுகாதா' பெரும்பாலும் வெள்ளையும் அவுரி நீலமும். அவுரி என்றேனே, நம் ஊர்ச் செடி வேறு, அவர்கள் ஷிகோகு தீவில் விளைவித்துப் புளிக்கவைக்கும் நீலச்செடி வேறு. சாயம் ஒன்றேதான். தொட்டியில் எத்தனை தடவை முக்கி எடுக்கிறோமோ அத்தனை அடர்த்தி. ஒவ்வொரு படிக்கும் தனிப்பெயர் உண்டு. மிக வெளிறிய நிறத்தின் பெயர் 'காமெனொசோகி'. 'தொட்டியை எட்டிப்பார்த்தது' என்று அர்த்தம். துணி சாயத்துக்குள் முங்கவே இல்லை, தலையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டது என்ற கிண்டல். எனக்கு மிகவும் பிடித்த நிறப்பெயர் இதுதான்.

கடைசியாக, பேய். காபுகி நாடக அரங்குகள் பேய்க் கதைகளை மேடையேற்றியது கோடையில்தான். முதுகுத்தண்டு சில்லிட்டால் அதுவும் ஒரு குளிர்ச்சிதானே. டோக்கியோவின் யானாகா பகுதியில் சென்ஷோ-அன் என்ற புத்த ஆலயம் இருக்கிறது. 1900இல் மறைந்த சான்யூதெய் என்சோ என்ற புகழ்பெற்ற கதைசொல்லி சேர்த்துவைத்த பேய் ஓவியச் சுருள்கள் அங்கே உள்ளன. ஆண்டுக்கு ஒருமுறை, ஆகஸ்ட் மாதத்தில் சுவரில் தொங்கவிடுவார்கள். வெளுத்த மை, வெள்ளை உடை, இடுப்புக்குக் கீழே மெல்ல மெல்லக் கரைந்து காகிதமாகவே ஆகிவிடும் உருவங்கள். வெளியே வெயில் கொளுத்தும்போது, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே ஆட்கள் உள்ளே வந்து அவற்றின் முன்னால் நிற்பார்கள்.